மொடல் எஞ்சின் செய்வோர் சிறிய லேத்தைத் தெரிவு செய்யும் முறை

மொடல் எஞ்சின் செய்ய, உலோகத்தைச் சுழற்றிக் கடையும் சிறிய லேத் ஒன்று வாங்கப் போகிறேன், எதை எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், எந்த எஞ்சினைச் செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம். பெரும்பாலும் அதற்குப் பதில் இருப்பதில்லை. விலைப்பட்டியலில் உள்ள மோட்டரின் வலுவையும் படத்தில் தெரியும் பளபளப்பையும் பார்த்து மனதுக்குள் ஒரு லேத்தை ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டு, அதற்கு ஒப்புதல் கேட்கவே வருகிறார்கள். ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கங்களில் தேயிலைத் தொழிற்சாலை வேக்சொப்களில் வேலை பழகிய எங்களைப் போன்றவர்களிடம் இந்தத் தவறு இன்னும் கூடுதலாக உண்டு. ஆறடி நீள லேத்தில் உருளை இயந்திரத்தின் அச்சைக் கடைந்த கைக்கு, மேசை மேல் வைக்கும் லேத் எல்லாம் ஒன்றுபோலச் சின்னதாகவே தெரியும். அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு, வேலை தொடங்கிய பிறகே புரியும்.

ஆகவே முதலில் எஞ்சினின் வரைபடத்தை எடுத்து வையுங்கள். உதாரணத்துக்கு, புதிதாகத் தொடங்குவோர் நெடுங்காலமாகச் செய்துவரும் ஸ்டுவர்ட் 10வி என்ற சிறிய நிமிர்ந்த நீராவி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் துவாரம் முக்கால் அங்குலம், அதாவது நமது கணக்கில் ஆறு நூல், மில்லிமீற்றரில் 19. சுழற்சியைச் சீராக வைக்கும் கனத்த சில்லான ஃபிளைவீலின் விட்டம் 3 அங்குலம், ஏறத்தாழ 76 மி.மீ. இந்த எஞ்சினில் நாம் கடைய வேண்டிய மிகப் பெரிய பாகம் அந்த ஃபிளைவீல். மிகக் கவனமாகக் கடைய வேண்டிய பாகம் சிலிண்டர். இந்த இரண்டையும் தடையின்றிச் செய்யும் லேத் மற்ற எல்லாவற்றையும் செய்துவிடும். பிஸ்டன் தண்டு, வால்வுத் தண்டு, சிறு போல்ட்டுகள் என்பவற்றைக் கடைய எந்தப் பொம்மை லேத்தும் போதும்.

லேத்தின் அளவைச் சொல்வதில் இரண்டு வழக்கங்கள் இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஆங்கிலேய லேத்துகளுக்கு, லேத்தின் நீண்ட அடிப்பகுதியான படுகையிலிருந்து, பாகத்தைச் சுழற்றும் சுழல்தண்டின் மையம் வரையுள்ள உயரத்தைச் சொல்வார்கள். சீனாவிலிருந்து வரும் லேத்துகளுக்கு, படுகைக்கு மேலே சுழலக்கூடிய மிகப் பெரிய விட்டத்தைச் சொல்வார்கள். மூன்றரை அங்குலம் என்று சொல்லப்படும் மைஃபோர்ட் எம்.எல்.7 என்ற லேத்தும், 180 மி.மீ. என்று சொல்லப்படும் சீன மினி லேத்தும் இந்த விடயத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்த விட்டமும் முழு உண்மையைச் சொல்லாது. வெட்டும் ஆயுதத்தைத் தாங்கிக் குறுக்கே நகரும் ஸ்லைடுக்கு மேலே மிஞ்சும் இடம் அதைவிட மிகவும் குறைவு, 180 மி.மீ. லேத்தில் அது 110 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஃபிளைவீல் மெல்லிய சில்லாக இருப்பதால், ஸ்லைடை அதன் வலப்பக்கத்தில் நிறுத்தி ஆயுதத்தை மட்டும் நீட்டி விளிம்பைக் கடைந்துவிடலாம். நீளமான உடலைக் கடையும்போது ஸ்லைட் அதன் அடியிலேயே போக வேண்டும் என்பதால் அங்கே இந்த இரண்டாவது எண்ணே எல்லை.

இதில் இன்னொரு மறைவான இடைஞ்சல் இருக்கிறது. 76 மி.மீ. ஃபிளைவீலை வெளியே இருந்து பிடிக்கும்போது, சுழல்தண்டில் மாட்டிய பிடிப்பானான சக்கின் தாடைகள் அதன் விளிம்புக்கும் வெளியே நீட்டிக்கொண்டு சுழலும். சுழல்தண்டு படுகையிலிருந்து 46 மி.மீ. உயரத்தில் உள்ள யுனிமட் 3 போன்ற மிகச் சிறிய லேத்தில், கணக்குப்படி 92 மி.மீ. சில்லு சுழலும், ஆனால் 76 மி.மீ. வார்ப்பைத் தாடையில் பிடித்தவுடன் தாடையின் நுனி படுகையைத் தொட நெருங்கிவிடும். இந்த லேத்துகள் அருமையானவை, கடிகார வேலைக்கும் ஒரு கனசென்ரிமீற்றர் அளவுள்ள மொடல் விமான எஞ்சினுக்கும் அவை நன்றாகவே போதும். நீராவி எஞ்சினின் ஃபிளைவீலுக்கு அவற்றை நம்பி இறங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஃபிளைவீலின் விட்டத்தைப்போல் இருமடங்கு சுழல இடமுள்ள லேத்தை எடுத்தால் தாடை, முகத்தட்டு, கவ்விகள் எல்லாவற்றுக்கும் இடம் மிஞ்சும் என்பது என் சொந்தக் கணக்கு.

நீளத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. லேத்தின் இரு முனைகளிலும் உள்ள கூர்களான மையங்களுக்கிடையே 250 மி.மீ. என்றால், நம் எஞ்சினில் அவ்வளவு நீளமான பாகமே இல்லையே என்று தோன்றும். பாகம் நீளமில்லை, உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்குள் சக் 60 மி.மீ.க்கு மேல் பிடிக்கும், சிலிண்டர் வார்ப்பு ஒரு 40 பிடிக்கும், மறுபக்கம், படுகை மேல் நகரும் தாங்கியான டெயில்ஸ்டொக்கில் துளையிடும் சக்கும் அதில் மாட்டிய துளை அலகும் இருக்கும். சாதாரண 10 மி.மீ. அலகின் முழு நீளமே 133 மி.மீ. அலகை மாற்ற ஒவ்வொரு தடவையும் டெயில்ஸ்டொக்கைக் கழற்றி வைக்க வேண்டிய நிலை வந்தால் வேலை அலுத்துப் போகும். எனவே 300 அல்லது 350 மி.மீ. நீளமுள்ளதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வீணல்ல.

வேகம்தான் நான் அதிகம் வாதிடும் விடயம். விற்பவர் நிமிடத்துக்கு 2500 சுற்று என்று பெருமையாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது அதன் மறுமுனையை. மில்லிமீற்றர் கணக்கில் ஒரு சுருக்கமான வழி உண்டு: வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என எடுத்து, அதை 320 ஆல் பெருக்கி, பாகத்தின் விட்டத்தால் வகுத்தால் சுற்றுகளின் எண்ணிக்கை வரும். வார்ப்பிரும்பை ஹை ஸ்பீட் ஸ்டீல் ஆயுதத்தால் வெட்டும்போது 20 மீற்றர் நல்ல அளவு. அப்படியானால் 76 மி.மீ. ஃபிளைவீலின் விளிம்புக்கு 84 சுற்று, 19 மி.மீ. சிலிண்டர் துவாரத்துக்கு 337 சுற்று. பித்தளையை 60 மீற்றரில் வெட்டலாம் என்றால், 3 மி.மீ. கம்பிக்கு 6400 சுற்று வரும். அந்த வேகம் நம்மிடம் இல்லை, ஆனால் 2000 சுற்றில் கடைந்தாலும் பித்தளைக் கம்பிக்கு ஒரு கெடுதியும் வராது, சற்று நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். வேகம் போதாமல் கெட்டுப்போன சிறு பாகம் அரிது. வேகம் குறைக்க முடியாமல் கூர் எரிந்துபோன ஆயுதங்களும் நடுங்கி வரி விழுந்த ஃபிளைவீல்களும் ஏராளம்.

அந்த 84 சுற்றில் லேத்துக்கு இழுவை இருக்கிறதா என்பதே கேள்வி. மின்னணுக் கட்டுப்பாட்டால் வேகத்தைக் குறைக்கும் சிறு மோட்டர், குமிழியைத் திருப்பினால் 84 இல் சுற்றத்தான் செய்யும். ஆயுதம் வார்ப்பைத் தொட்டவுடன் நின்றுவிடும். மணலில் வார்த்த இரும்பின் மேல்தோல் கடினமானது, அதில் மணலும் ஒட்டியிருக்கும். அதை மெதுவாகச் சுரண்டினால் ஆயுதத்தின் முனை மழுங்கும் என்பதால், முதல் வெட்டிலேயே தோலுக்குக் கீழே ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கிவிட வேண்டும். அதற்கு வலு வேண்டும். ஆகவே பற்சக்கரத்தாலோ பட்டியாலோ மாறும் குறைந்த வேகப் படி ஒன்று உள்ள லேத்தையே எடுங்கள். பழைய மைஃபோர்ட்டில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பின்கியர் இருப்பது இந்த வேலைக்கு ஒரு வரம். மினி லேத்துகளில் பல, தலைப்பகுதியில் இரண்டு வேகப் படிகளோடு வருகின்றன; அவற்றில் சிலவற்றின் உள்ளே நைலோன் பற்சக்கரங்கள் இருக்கும். நைலோனைக் கண்டு பலர் முகம் சுளிப்பதுண்டு. ஆயுதம் சிக்கிக்கொள்ளும் நாளில் நைலோன் பல் உடைந்து மோட்டரையும் சுழல்தண்டையும் காப்பாற்றுகிறது என்பதால் எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. மாற்றுப் பற்சக்கரம் ஒன்றை வாங்கி அலுமாரியில் வைத்துக்கொண்டால் சரி.

சக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லேத்தோடு வரும் மூன்று தாடைச் சக் எதுவும் முழுமையாக மையத்தில் பிடிக்காது, 0.05 முதல் 0.1 மி.மீ. வரை விலகுவது இயல்பு. அதனால் லேத் கெட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரே பிடியில் துவாரத்தையும் வெளிப்புறத்தையும் முகத்தையும் கடைந்து முடித்தால் அவை ஒன்றுக்கொன்று சரியாகவே இருக்கும். கழற்றிய பாகத்தைத் திரும்பவும் சரியாகப் பிடிக்க, தாடைகள் தனித்தனியே நகரும் நான்கு தாடைச் சக்கும், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத லேத்தில் சிலிண்டர் வேலை தொடங்கவே கூடாது. சிலிண்டரைக் குறுக்கு ஸ்லைடின் மேலேயே இறுக்கி, மையங்களுக்கிடையே சுழலும், ஆயுதம் பொருத்திய தண்டான போரிங் பாரால் துளைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதற்கு ஸ்லைடின் மேல் டி வடிவப் பள்ளங்கள் இருக்க வேண்டும். எம்.எல்.7 இல் அவை உண்டு. சாதாரண மினி லேத்தில் இல்லை.

திருகுப் புரி வெட்டும் வசதியைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். இந்த அளவு எஞ்சினில் உள்ள புரிகள் அனைத்தும் உட்புரிக்கு டெப், வெளிப்புரிக்கு டை என்ற கைக்கருவிகளால் வெட்டப்படுபவை. ஆங்கிலேய வரைபடங்களில் பி.ஏ. என்று குறிப்பிடப்படும் பழைய பிரித்தானியத் தரப் புரிகள் நம் கடைகளில் கிடைக்காதே என்று அஞ்சவும் தேவையில்லை: 7 பி.ஏ. என்பது 2.5 மி.மீ. விட்டமுள்ளது, அதன் இடத்தில் எம் 2.5 ஐப் போட்டால் எஞ்சினுக்கு வேறுபாடு தெரியாது. அங்குல லேத்தில் மெட்ரிக் புரியைப் பிழையின்றி வெட்ட வேண்டுமென்றால் 127 பல்லுள்ள சக்கரம் தேவை, ஏனெனில் 25.4 ஐ ஐந்தால் பெருக்கினால் 127 வரும். இது என்றாவது தேவைப்படலாம், ஆனால் தெரிவைத் தீர்மானிக்கும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதைவிட, ஸ்லைடின் டயலில் ஒரு கோடு நகர்ந்தால் ஆயுதம் நகரும் தூரத்தைக் காட்டுகிறதா, விட்டத்தில் குறையும் அளவைக் காட்டுகிறதா என்று கடையிலேயே கேட்டு வையுங்கள். 0.1 நகர்ந்தால் விட்டத்தில் 0.2 போகும் டயலை மறந்துபோய்க் கெடுத்த பிஸ்டன் ஒன்று இன்னும் என் மேசையில் சாவி வளையமாகக் கிடக்கிறது.

புதியதா, பழையதா என்ற கேள்விக்கு என் பதில், உங்களுக்குப் பழைய இயந்திரத்தைச் சோதிக்கத் தெரியுமா என்பதில் இருக்கிறது. தெரிந்தால் பழையது, தெரியாவிட்டால் புதியது. என் முதல் லேத்தைக் கொழும்பில் ஒருவரிடம் புதுப் பெயின்ட்டின் மினுக்கத்தைப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாற்றுப் பற்சக்கரங்களில் பாதி இல்லை என்பதும், சக்குக்கு அருகே படுகை தேய்ந்து பள்ளமாகியிருப்பதும் தெரிந்தது. வேக்சொப்பில் எனக்கு வேலை பழக்கிய பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, பெயின்ட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய்” என்று மட்டும் சொன்னார்.

படுகையின் தேய்மானத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சக்குக்கு அருகே, அதிகம் வேலை நடந்த இடத்தில், ஆயுதம் தாங்கி நகரும் கெரியேஜின் இறுக்கத் திருகுகளைச் சற்றே பிடிப்பு இருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பிறகு அதை டெயில்ஸ்டொக் முனைக்கு நகர்த்துங்கள். போகப்போக இறுகி நின்றுவிட்டால் சக்கின் பக்கம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, சக்கில் ஒரு தடித்த கம்பியைப் பிடித்து, சக்குக்கு அருகே அதன் மேல் டயல் கேஜை வைத்து, கம்பியை மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் பெயாரிங்கைச் சரிசெய்ய முடியுமா என்று விசாரிக்க வேண்டும். குறுக்கு ஸ்லைடின் கைப்பிடியைத் திசை மாற்றும்போது சும்மா சுழலும் இடைவெளி 0.2 மி.மீ. வரை இருந்தால் அதோடு வாழலாம். இடைவெளி எவ்வளவு என்று தெரிந்திருந்தாலே போதும். விற்பவர் சம்மதித்தால் 25 மி.மீ. மெல்லுருக்குக் கம்பி ஒன்றைச் சக்கிலிருந்து 100 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டொக்கின் துணையின்றி மெல்லிய வெட்டாகக் கடைந்து, இரு முனைகளையும் மைக்குரோமீற்றரால் அளந்து பாருங்கள். 0.02 மி.மீ.க்குள் இருந்தால் பேரம் பேசத் தொடங்கலாம். சம்மதிக்காவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மின்சாரம் நம் ஊரில் தனியாக யோசிக்க வேண்டிய ஒன்று. இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கட்டம். ஜப்பானிலிருந்து வந்த பழைய லேத் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வந்தது 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்கும் அமைந்திருக்கும். டிரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் குறையும், ஹேர்ட்ஸ் மாறாது. தொழிற்சாலையிலிருந்து வந்த லேத்தில் மூன்று கட்ட மோட்டர் இருந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள்: அதன் தகட்டில் 230 வோல்ட் டெல்டா இணைப்பு குறிக்கப்பட்டிருந்தால், ஒற்றைக் கட்டத்தை மூன்று கட்டமாக்கும் இன்வேட்டர் ஒன்றால் அதை ஓட்டலாம், வேகத்தையும் மாற்றலாம். 400 வோல்ட் இணைப்பு மட்டும் உள்ள மோட்டருக்கு இது பொருந்தாது.

2022 இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் திரும்பி வரும்போது லேத் தானாகவே சுழலத் தொடங்கக் கூடாது. பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினால் மட்டும் ஓடும் சுவிட்ச் உள்ளதா என்று பாருங்கள். பழைய லேத்தில் அது இல்லையென்றால் முதற்செலவு அதற்கே. பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியத்துக்குப் பின் இடி இறங்கும் இடங்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் அதிகம் எரிகின்றன. வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கமே இதற்கு மலிவான காப்பு. பழைய லயத்து வீடுகளின் வயரிங்கில் பூமி இணைப்பு ஒழுங்காக உள்ளதா என்பதை, லேத் வருவதற்கு முன்பே மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். மேற்குச் சரிவில் வைகாசி முதல் புரட்டாதி வரையும், ஊவாப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களிலும் சுவரே வியர்க்கும். இரவில் குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல், காலையில் கதவைத் திறந்ததும் உள்ளே வரும் ஈரக்காற்று பனித்துளியாகப் படியும். படுகை மேல் துரு வருவது அப்படித்தான். லேத்தை அடுப்படியோடு ஒட்டிய அறையில் வைக்காதீர்கள். குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டுவதும் தவறு, அது எரியும்போது நீராவியையும் சேர்த்தே வெளிவிடுகிறது. மூடுவதற்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம், ஈரத்தைச் சிறைப்பிடிக்கும். எண்ணெய் பூசி, அதன் மேல் கனத்த பருத்தித் துணியால் மூடினால் காற்றும் நடமாடும். நுவரெலியாவில் இருப்பவர்கள் சிறு லேத்தை எடுப்பதில் ஒரு நன்மை, அதை முழுமையாக ஒரு பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு சிறிய குண்டு பல்ப்பை எரியவிடலாம். இரும்பு அறையைவிடச் சற்றுச் சூடாக இருந்தால் பனி படியாது.

எடையும் நம் நிலத்தில் ஒரு தெரிவுதான். 40 கிலோ அளவுள்ள மினி லேத்தை இரண்டு பேர் படியேற்றிக் கொண்டுபோகலாம். மைஃபோர்ட்டைக் கழற்றிப் பகுதி பகுதியாகத்தான் ஏற்ற வேண்டும். லொறி நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை படி என்று எண்ணிவிட்டுத் தீர்மானியுங்கள். வந்த பிறகு, அதை வைக்கும் மேசை ஈரத்தில் முறுகாததாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் டர்பன்டைன் என்று சொல்லும் யூக்கலிப்டஸ் பலகை, நன்கு காயாவிட்டால் முறுக்கிக்கொண்டு படுகையையும் சேர்த்து முறுக்கும். தடித்த இரும்புத் தகடு அல்லது கொங்கிரீட் பாளம் ஒன்றின் மேல் பொருத்துவது நல்லது.

பணத்தைப் பிரிக்கும்போது லேத்துக்குக் கையிலுள்ளதில் பாதியை மட்டும் ஒதுக்குங்கள். மற்றப் பாதி நான்கு தாடைச் சக், துளையிடும் சக், சுழலும் மையம், டயல் கேஜ், மைக்குரோமீற்றர், போரிங் பார், ஆயுதம் தீட்டும் கல் என்று போய்விடும். உலோகத்துக்கு அவ்வளவு செலவில்லை. தேய்ந்து கழித்த கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்களைத் தொழிற்சாலைகளில் கேட்டு வாங்கலாம்; பழுதான பிரின்டரின் உள்ளே தலை ஓடும் கம்பி, பிஸ்டன் தண்டுக்குப் போதுமான அளவு வழவழப்பாகத் தீட்டப்பட்ட உருக்கு.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விட முடியாது. காலைக் குளிரில் மப்ளரும் கம்பளிக் கையுறையும் போட்டபடி லேத்தின் முன் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கழற்றிவிட்டு, சுவெட்டரின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டுதான் சுவிட்சைத் தொட வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு மெல்லிய பலகையில் உங்கள் ஃபிளைவீலின் விட்டத்துக்கு வட்டம் ஒன்றை வெட்டி, நடுவில் ஒரு போல்ட்டைப் போட்டு எடுத்துப் போங்கள். அதைச் சக்கின் தாடையில் பிடித்து, கையால் சக்கை ஒரு சுற்றுச் சுழற்றி, தாடை எங்கும் தட்டுகிறதா, ஆயுதம் விளிம்புக்கு எட்டுகிறதா, டெயில்ஸ்டொக்கில் துளை அலகை மாட்டிய பிறகும் இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். விற்பவர் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு விலையைக் கேளுங்கள்.